ஸ்டாஃப் ரூமுக்கு வராத கணக்குத் தாள்

நாளைக்குத் தரம் பத்துக்குத் தவணைப் பரீட்சை. கணக்கு வினாத்தாள் என் பொறுப்பு. குண்டசாலை பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது.

இந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துப் பிரிண்டர்களை எல்லாம் ஒரே சேர்வரில் இணைத்திருக்கிறார்கள். என் லேப்டொப்பை அதில் சேர்த்ததும் இரண்டு பிரிண்டர்கள் தெரிந்தன. இரண்டுக்கும் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள்.

சேர்வர் போட்டுத் தந்த சுரேஷ் சேருக்குக் கோல் எடுத்தேன்.

"பக்கத்துல இருக்கிறத எடுங்க மிஸ்," என்றார்.

இலக்கத்தைப் பார்த்து எது பக்கத்தில் என்று எப்படிச் சொல்வது? மேலே இருந்ததை எடுத்து அச்சிடக் கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் ரூம் பிரிண்டர் அசையவில்லை.

மறுபடி கொடுத்தேன். அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். கடதாசித் தட்டை இழுத்து அடித்துப் பார்த்தேன். இடையிடையே அச்சிடக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது.

அப்போது நூலகத்திலிருந்து பர்ஸானா டீச்சரின் கோல்.

"மிஸ், பரீட்சைக்கு முந்தின நாள் நீங்க வழமையா குடுக்கிற மாதிரி வினாத்தாள்தானே இது? இங்க பிரிண்டர்ல வர வர தரம் பத்துப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். இன்னும் நாலஞ்சு அனுப்புங்களேன், பின்னுக்கு இருக்கிற புள்ளைகளுக்குக் கிடைக்கல்ல."

பஸ் போய்விட்டது. புது வினாத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் கீழே இருக்கும் இலக்கம் ஸ்டாஃப் ரூம் பிரிண்டர்தானா என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். தரம் பத்துப் பிள்ளைகள் தவிர.