துப்பாக்கியைக் காலி பண்ணுங்க சார்

வெர்னெல் ஹட்டோவுக்கு வாய் நீளம் என்று எங்கள் வேட்டை கிளப்பில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் நாசமாய்ப் போகட்டும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். புருஷன் போன பிறகு வேர்க்கடலை போட்டாள். விதைத்த நாலாம் நாளே காட்டுப்பன்றிகள் வரிசை வரிசையாகத் தோண்டித் தின்றுவிட்டன. அந்த ஆத்திரத்தில்தான் நாய் வளர்க்க ஆரம்பித்தாள். இப்போது அல்டமஹா ஆற்றோரம் புது ஆட்களை வேட்டைக்குக் கூட்டிப்போவது அவள் வேலை. நான் அங்கே பன்றி உரிப்பவன். நாய் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நானும் போவேன்.

இரண்டு நாய்கள் குரைத்துப் பன்றியை மடக்கும். அப்புறம் மூன்றாவது நாய் ரூபியை அவிழ்த்துவிடுவாள். ரூபி பாய்ந்து காதைக் கவ்வினால் விடாது. வெர்னெல் ஓடிப்போய்ப் பின்னங்கால்களைப் பிடித்துப் புரட்டி, கத்தியால் முடிப்பாள். ரூபி இறங்கினால் யார் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக்கூடாது. நாய் எது, பன்றி எது, மனுஷி எது என்று தோட்டாவுக்குத் தெரியுமா?

அன்று வந்தவன் அட்லாண்டாக்காரன் ப்ரெஸ்டன். முதல் வேட்டை. கிளப் முதலாளி டாய்லும் இளித்துக்கொண்டு கூடவே வந்தான்.

பனைப்புதருக்குள் நாய்கள் ஒரு பன்றியை மடக்கிவிட்டன. வெர்னெல் திரும்பினாள்.

"துப்பாக்கியக் காலி பண்ணுங்க சார்."

"பண்ணியாச்சு மேடம்."

"தொறந்து காட்டுங்க."

"ஏம்மா வெர்னெல், அவரென்ன உன் பஸ்ல வர்ற பொடியனா?" என்று டாய்ல் குறுக்கே விழுந்தான். "சாரே சொல்றாரு. நாயை விடு, பன்னி ஓடிடப்போகுது!"

விட்டாள். ரூபி காதைக் கவ்வியது. வெர்னெல் குனிந்து கால்களை எட்டும்போது முதல் வெடி. ரூபி அப்படியே விழுந்தது. அடுத்த வெடியில் பன்றி. வெர்னெலின் தலை ஒரு முழம் தள்ளி இருந்தது, ஒரே ஒரு முழம்!

"அடிச்சிட்டேன்!" என்று குதித்தான் அந்தப் படுபாவி.

வெர்னெல் ரூபியை மடியில் போட்டுக் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு ரூபி அடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கத்தியை நான் கையில் எடுக்காதது அவன் அதிர்ஷ்டம்.

"சுடலாம்னு டாய்ல்தானே வர்ற வழியில சொன்னாரு," என்று முனகினான் அவன்.

டாய்ல் என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்தான். "சரி, ஆனது ஆச்சு. வேற நாய் வாங்கிக்கலாம். சார் முதல் வேட்டை, அடிச்ச பன்னியோட ரத்தத்த நெத்தியில பூசி போட்டோ எடுக்கணுமில்ல? வழக்கத்த விட முடியுமா? பூசிவிடு வெர்னெல்."

அவள் ரூபியைக் கீழே கிடத்தினாள். எழுந்து வந்தாள். கை முழுக்க ரத்தம். ப்ரெஸ்டன் தொப்பியைக் கழற்றி நெற்றியை நீட்டினான். நெற்றி, இரண்டு கன்னம், மோவாய் என்று அழுத்தி அழுத்திப் பூசினாள். அவன் பல்லைக் காட்டினான். டாய்ல் படம் எடுத்தான்.

"பன்னிய நான் இன்னும் தொடவே இல்ல சார்," என்றாள் வெர்னெல். "நீங்க முதல்ல கொன்னது ரூபியத்தான். அவ ரத்தந்தான் பூசியிருக்கேன்."