சார்ஜா அத்திப்பழம்

அத்திப்பழத்தைப் பாதி கடித்துவிட்டு, மீதியைக் கைபேசிக்கு நேரே நீட்டுவார் ரஹ்மத் பீவி. "பாத்துக்குங்க மச்சான். சாப்புடுறேன்." சார்ஜாவில் உலர்பழக் கடையில் எடை போடும் கணவர் ஜாஃபர் சாதிக்கின் முகம் திரையில் மலரும்.

வெள்ளிதோறும் இதுதான். ஊருக்கு வருகிற யாருடைய பெட்டியிலாவது அவருடைய பொட்டலம் கூத்தாநல்லூர் வந்துவிடும். அத்தி, கிஸ்மிஸ், ஆப்ரிகாட். அடுத்த அழைப்பில் தின்று காட்ட வேண்டும்.

ரஹ்மத் பீவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே அளவு சொல்வார்; ஒரு சொல்லும் பிசகாது. அறுப்பு முடிந்து கல்யாணங்கள் வரிசைகட்டும் மாதங்களில் துணி கட்டில்வரை ஏறிக் கிடக்கும். ஆனாலும் சனிக்கிழமை மிஷின் ஓடாது. உடம்பெல்லாம் தடிப்பு, மண்டையிடி, மூக்கடைப்பு. கேட்டு வருகிறவர்களிடம், "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, நாளைக்கி வாங்க" என்பார்.

சாப்பாட்டில் இருக்கிற ஹிஸ்டமின் என்கிற பொருள் இந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, காய்ந்தது, புளித்தது, பழையது எதுவும் வேண்டாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். "கருவாட்ட விட்டேன், ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அத்திப்பழத்த விடுறேன்னு சொன்னா மட்டும் புருஷனயே வேணாங்குற மாதிரி பாக்குறாங்க" என்று அலுத்துக்கொள்வார்.

கணவரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அது ஊர்க்கடைப் பழசு புள்ள. நான் பாத்துப் பாத்துப் பொறுக்குனது எப்புடி ஒத்துக்காமப் போவும்?" அடுத்த பொட்டலம் இன்னும் உசத்தியாக வந்தது. அதற்குப் பிறகு மறுக்க இவருக்கு மனம் வரவில்லை. தின்பார். தடிப்பு எழும்புமுன் ஏதாவது சாக்குச் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

போன வெள்ளி, பழம் தொண்டையில் இறங்கியதும் ஜாஃபர் சாதிக் செய்தியைச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வரப்போகிறார். கடைத்தெருவில் இடம் பார்த்தாயிற்று, உலர்பழக் கடைதான். நாளைக்கு அவருடைய ஆட்கள் வாடகை பேசி முடித்துவிடுவார்கள்.

"கல்லாவுல நீதான். வர்ற பொம்பளைங்க முன்னாடி நீ ஒண்ணு தின்னு காட்டணும். ஒன்னப் பாத்துதான் வாங்குவாங்க."

"தெனமுமா?"

"பின்ன, கடைய வெள்ளிக்கிழம மட்டுமா தொறப்பாங்க?" சிரித்துவிட்டு அழைப்பை முடிக்கப் போனார்.

காதோரம் அரிப்பு தொடங்கியிருந்தது. "வைக்காதீங்க மச்சான். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருங்க."

கைபேசியைத் தையல் மிஷின்மேல் சாய்த்து நிறுத்தினார். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, முக்காட்டைக் கழுத்திலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டார்.