தஹ்சீன் எழுதாத வரிகள்

மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடமாகத் தமிழ் நடத்தும் ஹம்சினிக்குக் கதை எழுதுவதுதான் உயிர். பதினான்கு கதைகள் எழுதியிருந்தாள், ஒன்றுகூட அச்சேறவில்லை. ஆனாலும் அடையாறில் மாதம் ஒரு ஞாயிறு காலை கூடும் கதை வட்டத்தில் அவள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. தஹ்சீன் வரும்வரை.

தஹ்சீன் தி. நகர் துணிக்கடையொன்றில் ஆல்டரேஷன் தைப்பவள். முப்பது வயது இருக்கும். வந்த இரண்டாவது கூட்டத்திலேயே நோட்டைப் பிரித்து ஒரு கதை வாசித்தாள். ஒரு மாமனாரைப் பற்றியது. மருமகள் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தாகம் எடுக்கும். நொச்சிக்குப்பத்தில் மீன்காரம்மா மீனை முழுக்கச் சுத்தம் செய்து முடித்ததும், ‘வேணாம்’ என்று நடையைக் கட்டுவார். கரண்ட் போனால் வீட்டிலிருக்கும் ஒரே விசிறியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். காய்ச்சலில் கிடக்கும் பேத்திக்கு மருமகள் நோட்டு அட்டையால் விசிறுவாள்.

வட்டத்தை நடத்தும் துரைராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தாள கெட்டவன்னு நீ ஒரு எடத்துலயும் சொல்லலம்மா. ஆனா எனக்கு எழுந்துபோயி அவர அறையணும் போல கீது.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஹம்சினியும் தட்டினாள். அவளுடைய வில்லன்களுக்கு ‘ஈவிரக்கமற்றவன்’, ‘கல்நெஞ்சன்’ என்று எத்தனை சொற்களைச் செலவழித்திருக்கிறாள்! அவர்களில் ஒருவனையாவது அறைய யாருக்கும் தோன்றியதில்லை. இத்தனை வருடம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வராதது, ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு எங்கிருந்து வந்தது? வயிறு எரிந்தது.

ஒரு மாத இதழ் கதைகள் கேட்டிருந்தது. தஹ்சீனிடம் கணினி இல்லை.

“குடு, நான் டைப் பண்ணி அனுப்பிடறேன்” என்றாள் ஹம்சினி.

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்?”

“இதுல என்ன சிரமம்?”

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தாள். சந்திப்பிழைகளைத் திருத்தினாள். அதுவரை சரிதான். விசிறி இடம் வந்ததும் விரல் நின்றது. பிறகு, ‘அவர் கொடூர மனம் படைத்தவர்’ என்று அடித்தாள். வாசகருக்குப் புரிய வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதே மாதிரி இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்தாள். படித்துப் பார்த்தபோது கதை சப்பென்று ஆகியிருந்தது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தன் கதையோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

ஆறு வாரத்தில் ஹம்சினியின் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. ஹம்சினியின் கதை தேர்வாகவில்லை. தஹ்சீனுடையது வெளியாகிறது. ‘பெரியவரின் குணத்தை விளக்கும் மூன்று வரிகளை மட்டும் நீக்கியிருக்கிறோம். அவை இல்லாமலே அவரைத் தெரிகிறது’ என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் போனில் அந்தக் கடிதத்தைத் தஹ்சீனிடம் காட்டத்தான் வேண்டியிருந்தது. துரைராஜ் கதை வெளியான புது இதழோடு வந்திருந்தார். தஹ்சீன் நோட்டையும் இதழையும் அருகருகே வைத்து விரலால் வரிவரியாகப் பார்த்தாள்.

“மூணு வரி எடுத்ததா போட்டிருக்காங்க. எதுவும் குறையலயே டீச்சர்?”

பொய் சொல்ல ஹம்சினிக்கு வாய் வரவில்லை. “அது நீ எழுதினது இல்ல. நான் சேத்தது.”

“திருத்தவா?”

“இல்ல. கெடுக்க. உன்ன மாதிரி எனக்கு எழுத வரல. தாங்க முடியல.”

தஹ்சீன் இதழை மூடினாள். கோபமாக ஒரு வார்த்தை வரும் என்று ஹம்சினி காத்திருந்தாள். வரவில்லை. “சரிங்க” என்று மட்டும் சொல்லி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது தஹ்சீன் தன் கதைகளைப் போனிலேயே அடித்துக்கொள்கிறாள். கூட்டத்தில் ஹம்சினியைக் கண்டால் வணக்கம் வைக்கிறாள், அவ்வளவுதான். ஹம்சினி ஒரு கூட்டத்தையும் தவறவிடுவதில்லை. தஹ்சீன் வாசிக்கும்போது குனிந்த தலை நிமிராமல் கேட்கிறாள். வயிறு இன்னமும் எரிகிறது.