கீழ்வீட்டு வாசலில் ஒரு பேய் முகம்

"...வெருளியும் இல்லை, உங்கட கண்ணுக்கும் இல்லையக்கா! இந்தச் சனம் இலை உதிருற காலத்தில கிழங்கைக் குடைஞ்சு, பேய் முகம் வெட்டி, உள்ளுக்கு விளக்கு வைக்கும்," என்று கீழ்வீட்டு மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எண்பதுகளில் சுவிஸ் நாட்டுப் பாடன் நகரில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவள் வாசலை எப்படி அலங்கரித்தாலும் சுவிஸ்காரர் நின்று புகழ்வார்கள். எனக்கு வயிறு எரியும். புது வீட்டில் கண்ணூறு படாமலிருக்க வெருளிப் பொம்மை கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பேய் முகத்தைக் கண்டதும், என் கண்ணுக்குத்தான் கட்டியிருக்கிறாள் என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

"எனக்குப் பொறாமைதான் மலர்," என்றேன், வெட்கத்தோடு.

"அது தெரியும். இந்தாங்கோ கரண்டி, நீங்களும் ஒண்டு குடையுங்கோ."

குடையத் தொடங்கியவள் உலகத்தையே மறந்தேன். கோணல் பல்லும் மாறுகண்ணுமாக ஒரு முகம் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

மேல்வீட்டு சுவிஸ் அம்மா இறங்கி வந்து, மலர் வெட்டிய அழகான முகத்தைத் தாண்டி, என்னுடையதன் முன் குனிந்தார். "இது யார் செய்தது?"

மலரிடம் அவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் எவ்வளவு புழுங்கியிருப்பேன்! இப்போது இவள் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. பொறாமை நோய் எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒதுங்கிய என் கையை அவள் பிடித்து இழுத்து, என்னை முன்னே நிறுத்தினாள்.