காற்றுச் சிலைக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

மலேசியாவின் சுபாங் ஜெயா பூங்காவில் நான் வடிவமைத்த காற்றுச் சிலைக்கு இன்று காலை திறப்பு விழா. காற்றடித்தால் இரும்பு இறகுகள் சுழன்று உச்சியில் விளக்கு எரிய வேண்டும்.

திறந்து வைக்கும் பிரமுகர் டத்தோ வர இருபது நிமிடம் இருந்தது. கொடி கிழிந்துவிடும்போல் காற்று. இறகு ஒன்றுகூட அசையவில்லை.

ஏணியில் ஏறினேன். சுழலும் தண்டில் ஒரு மஞ்சள் கயிறு சுற்றி இறுகியிருந்தது. அதன் நுனியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

"அண்ணே, என்னண்ணே இது?"

கீழே நின்ற வெல்டர் முனியாண்டி அண்ணன் பதறவே இல்லை. "இவ்ளோ பேரு பாக்கப் போறாங்க லா. கண்ணு படாதா?"

"ஐயோ, ஏறி வந்து அறுத்து விடுங்கண்ணே!"

"கட்டுன கையால அறுக்க மாட்டேன் பாஸ்."

நானே அறுத்தேன். இறகுகள் சுழன்றன, விளக்கு மினுங்கியது. டத்தோவின் கார் உள்ளே நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது.

டத்தோ ரிப்பனை வெட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். முனியாண்டி அண்ணன் என்னை மட்டும் பார்த்தார்.

நாளை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். கண் திருஷ்டியெல்லாம் மூடநம்பிக்கை என்று போன வாரம் இதே மடற்குழுவில் நீட்டி முழக்கியவன் நான்தான், மறக்கவில்லை.

தண்டில் சிக்காமல் எலுமிச்சம்பழத்தை எங்கே கட்டுவது? தெரிந்தவர்கள் இன்றைக்கே எழுதுங்கள்.