சார்ஜன்ட் சிவலட்சுமி போடாத கையெழுத்து

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதச் சொன்ன சின்னராசா மாமா, ஒரு திருத்தத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்.

"பொலிஸ் எண்டு போடாத பிள்ளை. அரசாங்க உத்தியோகத்தர் எண்டு போடு. வாசிக்கிற சனம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை."

பொலிஸ் என்றே போடுகிறேன். இருபத்தேழு வருடம் அம்மா அந்தச் சீருடையைப் போட்டார். அதைக் கழற்றிவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அம்மா பிறந்து நாற்பதாவது நாள் தமிழருக்கு எதிரான எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் தொடங்கியது. மலையகத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து ஒரு சேலைத் துணியில் சுற்றி அவரைப் பூவரசங்குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். காடு வெட்டித்தான் அங்கே குடியிருந்தார்கள். அவருடைய தகப்பனுக்குத் தோட்டத்தில் பழகிய சிங்களம் இருந்தது. அதை அம்மா பேசவும், பிறகு எழுதவும் கற்றார். இருபத்தொரு வயதில் வவுனியாவில் பொலிஸில் சேர்ந்தார். ஊரில் சிலர் அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். என் தந்தை இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சேவையில் பதினொரு வருடத்தை முல்லைத்தீவுக் கரையோரப் பொலிஸ் நிலையம் ஒன்றில் கழித்தார். பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். நாற்பத்தொரு பேரில் தமிழில் எழுதத் தெரிந்தவர் அம்மா ஒருவர். பெண்களுக்கென்று கழிப்பறை கட்டப்பட்டது அவர் போய் ஐந்தாவது வருடத்தில். அதுவரை கடமை நாட்களில் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். சிறுநீரகம் பழுதானதற்கு அதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை. சொல்ல என்னிடமும் ஆதாரம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஒரே வருடத்தில் அந்த நிலையத்துக்கு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, எட்டு மணித்தியாலக் கடமை. அதுவரை கடமை தொடங்கும் நேரம்தான் உண்டு, முடியும் நேரம் கிடையாது. மற்றது, வாக்குமூலம் பற்றிய சுற்றறிக்கை. முறைப்பாட்டாளர் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும். முடியாமல் சிங்களத்தில் எழுதினால், அதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தியதாகத் தமிழ் தெரிந்த ஒருவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டும் நல்ல மாற்றங்கள். சேர்த்துப் பார்த்தால் பொருந்தவில்லை. ஒரு நாளுக்கு மூன்று முறைக் கடமை, தமிழ் எழுத ஒரே ஒருவர். நான் மின்மாற்றிகளைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். ஒரே இணைப்பில் முழு ஊரையும் கொளுவிவிட்டு, மாற்று வழி வைக்காமல் போவது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நிலையத்தில் அது இப்படி முடிந்தது. அம்மா இல்லாத நேரத்தில் வந்தவர்களின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் காலையில் அந்தக் கோப்புகள் அம்மாவின் மேசையில் இருக்கும். "லட்சுமி, இதிலும் ஒரு கையெழுத்து," என்பார்கள். அம்மா போடுவார். யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டவில்லை, ஆனாலும் வாசித்ததாகப் போடுவார். சுற்றறிக்கைக்கு முன்பும் அந்தப் பழக்கம் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தார். இதை நான் மறைக்கப் போவதில்லை. அம்மாவும் மறைக்கவில்லை.

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு வவுனியாவில் இரத்தச் சுத்திகரிப்பு. இரண்டு மணிக்குக் கடமை முடிந்ததும் என் வான் வண்டியில் கூட்டிப்போவேன். அன்று நான் நிலையத்துக்குள் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பொறுப்பதிகாரி ஒரு கோப்போடு அம்மாவின் மேசைக்கு வந்தார். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். எனக்கும் விளங்கும்.

"வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள். இதில் மட்டும் உன் கையெழுத்து இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை எழுதினது சேர். எனக்கு அன்று ஓய்வு. நான் அவருக்கு வாசிக்கவில்லை."

"போன மாதக் கோப்புகளையும் நீ வாசிக்கவில்லை. போட்டாய்தானே?"

"போட்டேன். அது பிழை சேர்."

கோப்பு கொக்கிளாய்ப் பக்கத்து மீனவர் அனிஸ்ரனுடையது. வலையை வேறொரு படகு வெட்டிவிட்டது என்ற முறைப்பாடு. அம்மா காலையிலேயே அவருக்குத் தொலைபேசி எடுத்து, எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லியிருக்கிறார். 'படகை அடையாளம் காண முடியவில்லை. மேலும் நடவடிக்கை வேண்டாம்.' அவர் பதறிப்போனார். "அக்கா, நான் படகு நம்பரை ரெண்டு தரம் சொன்னனான்!" எழுதிய கொன்ஸ்ரபிள் கெட்டவர் இல்லை. விளங்கியதை எழுதினார். விளங்காததை விட்டுவிட்டார்.

"எட்டு மணித்தியாலத்தை நானா கேட்டேன்?" என்றார் பொறுப்பதிகாரி. "நேரம் முடிந்ததும் நீங்கள் போய்விடுகிறீர்கள். மீதிப் பதினாறு மணித்தியாலத்துக்குத் தமிழ் எழுத நான் யாரைப் பிடிக்க?"

"அதை மேலிடத்துக்கு எழுதுங்கள் சேர். நானே தட்டச்சுச் செய்து தருகிறேன்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்.

"இங்கே இருப்பதால்தான் செவ்வாயும் வெள்ளியும் வவுனியாவுக்குப் போகிறாய். வேறு இடத்துக்கு மாற்றினால் யார் உனக்கு அப்படி நேரம் ஒதுக்குவார்கள்? யோசி."

அம்மா கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளினார். "நாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன் சேர். என் கடமை நேரத்தில் தமிழில் புதிதாக எழுதுகிறேன். பிறகு போடுகிறேன்."

வானில் ஏறியதும் நான் கெஞ்சினேன். அதையும் இங்கே எழுத வேண்டும்.

"அம்மா, ஒரு கையெழுத்துத்தானே. இவ்வளவு நாளும் போட்டனீங்கள். இதையும் போட்டுவிடுங்கோ."

"இவ்வளவு நாளும் போட்டது காணும்."

"மாத்திப்போடுவாங்கள். மெஷினுக்கு என்ன செய்வியள்?"

"மெஷின் எல்லா இடத்திலயும் இருக்கு. நீ றோட்டைப் பார்த்து ஓட்டு."

அடுத்த நாள் அனிஸ்ரனும் மனைவி புனிதமும் வந்தார்கள். அவர் நாற்காலி நுனியில் இருந்து முனகினாராம். "நிலத்தில நிண்டா இவருக்கு வாய் திறக்காது அக்கா," என்று புனிதம் சொல்ல, "அப்ப வாளியில உப்புத் தண்ணி கொண்டுவரட்டோ?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. தமிழில் நான்கு பக்கம். படகின் இலக்கம், நேரம், திசை எல்லாம் அதில் இருந்தன. அம்மா முழுவதையும் வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் திருத்தினார்கள். பிறகு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

பதினாறாவது நாள் இடமாற்றக் கட்டளை வந்தது. தெற்கே, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். காரணம்: 'சேவையின் தேவை'. வைத்தியச் சான்றிதழோடு மேன்முறையீடு செய்தோம். பதில் வரும்வரை போய்ச் சேர வேண்டும் என்றார்கள். ஓய்வு பெறச் சொல்லி நானும் மாமாவும் மன்றாடினோம்.

"இப்ப விட்டா, பிழை செய்துபோட்டு ஓடினவள் எண்டுதான் எழுதுவாங்கள்," என்றார். "அனிஸ்ரன்ர வலை வழக்கு கோட்டுக்குப் போயிட்டுது, அது முடியட்டும். சீருடையோட சாட்சி சொல்லிப்போட்டு விடுறன்."

போனார். அங்கே இயந்திரம் இருந்தது, அதற்கு நீண்ட வரிசையும் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு முறையாயிற்று. அதன் பொருள் வைத்தியருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். பதினான்கு வாரம் தாங்கினார். கடமைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது விழுந்தார், பிறகு எழவில்லை. மேன்முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை.

செத்தவீட்டில் பலர் சொன்னார்கள். "ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இருந்திருப்பா." இருக்கலாம். நான் மறுக்கவில்லை. வானுக்குள் அதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் அதை அம்மாவின் குற்றமாகச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு சுற்றறிக்கை அனுப்பியது அம்மா இல்லை. சிறுநீரக வருத்தக்காரியை முந்நூறு கிலோமீற்றர் தூக்கிப் போட்டது அம்மா இல்லை. குற்றத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள்.

அனிஸ்ரனும் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சமாதானமாப் போகச் சொல்லி அந்தப் படகுக்காரர் ஆள் விடுகினம் தங்கச்சி. அக்கா இல்லை, இனி அந்த நாலு பக்கத்தையும் ஆர் எழுதினது எண்டு சொல்ல ஆளில்லையாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நம்பரைத் திருப்பியும் ரெண்டு தரம் சொன்னனான்."

வழக்கு வைகாசியில் எடுக்கப்படுகிறது. அம்மாவின் எழுத்தை அடையாளம் காட்ட ஒருவர் தேவைப்படலாம் என்று அனிஸ்ரனின் சட்டத்தரணி சொன்னார். பள்ளிக்கூட நாட்களிலிருந்து என் கொப்பிகளில் பிழை திருத்திய எழுத்து அது. என் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வேலைக்கு லீவும் எழுதிவிட்டேன்.