அம்மா தைத்த கிளவுஸ்

ஆயுத பூஜைக்கு அம்மாவை என் மகனின் பட்டறைக்கு அழைத்துப் போயிருந்தேன். மில்லிங் மிஷினில் ஊற்றும் பால் நிற எண்ணெயின் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. அப்பாவின் சட்டை வாசனை அது. அந்தச் சட்டையை அம்மா தினமும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்த வருஷம் ஒன்று உண்டு.

எழுபதுகளில் அப்பா நந்தனத்தில் ஒரு பட்டறையில் மில்லிங் மிஷின் ஓட்டினார். மிஷின் சீவித் தள்ளும் இரும்புச் சுருள் கிழித்து அவர் கையெல்லாம் கோடு. அம்மா பழைய பேன்ட்டை வெட்டி கிளவுஸ் தைத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து நானும் அவளும் அந்தப் பக்கம் போனபோது, பட்டறை வாசலில் இட்லி விற்கும் சரோஜா அதே கிளவுஸைப் போட்டுக்கொண்டு குண்டானை இறக்கினாள்.

"யாருக்குத் தச்சேன், யார் கையில கீது?" என்று அம்மா வீட்டில் ஆரம்பித்தாள்.

"கிளவுஸ் போட்டா, சுத்துற கட்டர் அதைப் புடிச்சி கையையே உள்ள இழுத்துக்கும்மே!" என்றார் அப்பா.

"கையைக் காப்பாத்தத்தான் கிளவுஸு. யார்கிட்ட கதை வுடற?"

அப்பா இப்போது இல்லை. மகனின் மிஷின் மேல் ஒரு பலகை: 'கிளவுஸ் அணிந்து இயக்காதீர்.' வாசித்துக் காட்டினேன்.

"அப்பா சொன்னது நிஜம்தாம்மா."

அம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, போடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துகினு வந்திருக்கலாமில்ல? நானுந்தான் தெனம் குண்டான் எறக்கினேன்."